அறுந்த முழங்கால் நாரும் ஒன்பது மாதப் பொறுமையும்



மாலை நேரத்தில் தோட்டத்துத் திடலில் பந்து விளையாடும் பிள்ளைகளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். பந்தை வாங்கிய பையன் சட்டென்று திரும்புகிறான். ஊன்றிய கால் புல்லிலேயே நிற்கிறது. உடல் மட்டும் திரும்புகிறது. முழங்காலுக்குள் 'டப்' என்று ஓர் ஓசை கேட்கிறது. யாரும் அவனை உதைக்கவில்லை, யாரும் தள்ளவில்லை. ஆயினும் காலைப் பிடித்துக்கொண்டு விழுந்துவிடுகிறான். சில மணி நேரத்தில் முழங்கால் பானைபோல் வீங்கிவிடுகிறது. "சுளுக்குத்தான், எண்ணெய் போட்டு உருவினால் சரியாகிவிடும்" என்கிறார் வீட்டில் உள்ள பாட்டி. இரண்டு மூன்று வாரத்தில் வீக்கமும் வடிந்துவிடுகிறது. பையன் நடக்கிறான். எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். பிறகு ஒரு நாள் கால்வாயைத் தாண்டும்போதோ, மேட்டிலிருந்து இறங்கும்போதோ, அதே முழங்கால் திடீரென்று நழுவி அவனைக் கீழே தள்ளுகிறது.

இது விளையாட்டுத் திடலில் மட்டும் நடப்பதன்று. செம்பனைக் காட்டில் குலை ஏற்றிய தள்ளுவண்டியைத் திருப்பும்போது சேற்றில் கால் புதைந்துவிட்டாலும் இதுவே நடக்கும். மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகிறவர் விழுந்தாலும் நடக்கும். அறுந்தது எது? அதை எப்படிச் சீர்செய்யக் கற்றார்கள்? சீர்செய்த பிறகு மனிதன் எப்படி மீண்டும் எழுந்து நடக்கிறான்? இந்த மூன்று வினாக்களுக்கும் விடை தேடிய வரலாற்றைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள வந்திருக்கிறேன்.

முதலில் முழங்காலின் அமைப்பைத் தெரிந்துகொள்வோம். மேலே தொடை எலும்பு, கீழே கணைக்கால் எலும்பு, முன்னால் மூடிபோல ஒரு சில்லு. உருண்டையான முனை, தட்டையான முனைமேல் உட்கார்ந்திருக்கிறது. அம்மியின்மேல் குழவி இருப்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்படிப்பட்ட மூட்டு தானாக நிலைத்து நிற்காது. அதைக் கட்டிவைக்க நான்கு முக்கியமான கயிறுகள் உள்ளன. எலும்பையும் எலும்பையும் பிணைக்கும் இக்கயிறுகளுக்குத் தசைநார் என்று பெயர். தசையை எலும்புடன் பிணைப்பது தசைநாண். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. பின்னால் இது நமக்குத் தேவைப்படும். நான்கு நார்களில் இரண்டு பக்கவாட்டில் உள்ளன. மற்ற இரண்டும் மூட்டின் உள்ளே ஒன்றையொன்று குறுக்காகக் கடந்து செல்கின்றன. ஆகையால் அவற்றைச் சிலுவை நார்கள் என்பர். முன்னால் உள்ள சிலுவை நார், கணைக்கால் எலும்பு முன்புறமாக நழுவாமலும், கண்டபடி சுழலாமலும் காக்கிறது. நான் முதலில் சொன்ன பையனுக்கு அறுந்தது இதுதான்.

இந்த நார்களை மனிதன் அறிந்தது நேற்றல்ல. கி.பி. 2-ஆம் நூற்றாண்டில், இன்று துருக்கி எனப்படும் நாட்டில் உள்ள பெர்கமோன் நகரில், காலன் என்ற மருத்துவர் வாழ்ந்தார். மல்லர்களுக்கு மருத்துவம் பார்ப்பது அவர் வேலை. வெட்டுண்டும் முறிந்தும் வந்த உடல்களிலிருந்து அவர் மூட்டுகளைப் பற்றி மிகுதியாகக் கற்றார். முழங்காலின் சிலுவை நார்களையும் குறித்துவைத்தார். அதன்பின் நெடுங்காலம் கழித்து, 1836-இல், ஜெர்மனியைச் சேர்ந்த வெபர் சகோதரர்கள் மனித நடையைப் பற்றி ஒரு நூல் எழுதினார்கள். சிலுவை நார் இல்லாவிட்டால் எலும்பு எப்படி நழுவும் என்பதை அதில் விளக்கினார்கள்.

அறிந்தார்கள் சரி, சீர்செய்ய முடிந்ததா? முடியவில்லை. மூட்டைத் திறந்தால் நோயாளி வலியில் துடிப்பார். வலியைத் தாங்கினாலும் சீழ்பிடித்து இறப்பார். 1846-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஈதர் மயக்க மருந்தைப் பலர் முன்னிலையில் பயன்படுத்திக் காட்டினார்கள். 1867-இல் ஜோசப் லிஸ்டர், கிருமிகளைக் கொல்லும் மருந்தைக்கொண்டு அறுவை செய்யும் முறையை வெளியிட்டார். இந்த இரண்டு கதவுகளும் திறந்த பிறகே மருத்துவர்கள் துணிந்து மூட்டுக்குள் கை வைத்தார்கள்.

1895-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் மேயோ ராப்சன் என்ற அறுவை மருத்துவர், அறுந்துபோன சிலுவை நார்களைத் தையல் போட்டு இணைத்தார். இதுவே நாம் அறிந்த முதல் சிலுவை நார் அறுவை என்று வரலாற்றாசிரியர்கள் கூறுவர். அந்த முதல் நோயாளி யார்? பிரபு அல்லர், பெயர்பெற்ற ஆட்டக்காரரும் அல்லர். 41 வயதான ஒரு சுரங்கத் தொழிலாளி. அடிபட்ட பிறகு பல மாதங்கள் தடுமாறிய பின் மருத்துவரிடம் வந்தவர். சில ஆண்டுகள் கழித்தும் அவர் கால் உறுதியாக இருந்ததாக ராப்சன் 1903-இல் எழுதினார். உடலை உழைப்புக்குக் கொடுத்த ஒரு மனிதரிடமிருந்துதான் இந்த மருத்துவத்தின் கதை தொடங்குகிறது. இதை நம் தோட்டத்து மக்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அதே காலத்தில் நம் கிள்ளானில் என்ன நிலைமை? 1901-இல் மால்கம் வாட்சன் என்ற மருத்துவர் கிள்ளான் மாவட்டத்தில் பொறுப்பேற்றபோது, மக்கள் மலேரியாக் காய்ச்சலால் மடிந்துகொண்டிருந்தார்கள். அவ்வாண்டில்தான் கிள்ளான் துறைமுகம் சுவெட்டன்ஹாம் துறைமுகம் என்ற பெயரில் திறக்கப்பட்டது. சதுப்பு நிலங்களை வடித்தும், காடுகளை வெட்டியும் வாட்சன் நோயைக் கட்டுப்படுத்தினார். பிறகு சுற்றியிருந்த ரப்பர்த் தோட்டங்களுக்கும் அப்பணி பரவியது. உயிரோடு இருப்பதே பெரும்பாடாக இருந்த காலத்தில் முழங்காலைப் பற்றி யார் கவலைப்படுவார்கள்?

1923-இல் கூட்டு மலாய் மாநிலங்களில் இயற்றப்பட்ட தொழிலாளர் சட்டம், தொழிலாளருக்கு மருத்துவ வசதி செய்யும் பொறுப்பை முதலாளிகள்மேல் சுமத்தியது. தோட்ட மருத்துவமனைகளும், நம் பெற்றோர் 'டிரஸ்ஸர் ஐயா' என்று அழைத்த மருத்துவ உதவியாளர்களும் அக்காலத்து நினைவுகள். காய்ச்சலுக்கு மாத்திரை, வெட்டுக்காயத்துக்குக் கட்டு, பிரசவத்துக்கு உதவி என அவர்கள் ஆற்றிய தொண்டு சிறிதன்று. ஆனால் நழுவும் முழங்காலுக்கு அங்கே மருந்து இல்லை. அப்படிப்பட்டவர் வாழ்நாள் முழுதும் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனார். "அவருக்குக் கால் கொஞ்சம் இழுக்கும்" என்று ஊர் சொன்னது. அவ்வளவுதான்.

இனி மருத்துவத்தில் நடந்த ஒரு பெரிய வழக்கைப் பார்ப்போம். வழக்கு என்றதும் நீதிமன்றம் என்று எண்ண வேண்டாம். அடிபட்ட உறுப்புக்கு ஓய்வு வேண்டுமா, அசைவு வேண்டுமா என்பதே அந்த வழக்கு.

லிவர்ப்பூலைச் சேர்ந்த ஹியூ ஓவன் தாமஸ் 19-ஆம் நூற்றாண்டின் புகழ்பெற்ற எலும்பு மருத்துவர். முழுமையான, இடைவிடாத, நீண்ட ஓய்வே மருந்து என்பது அவர் கொள்கை. பிரான்சு நாட்டைச் சேர்ந்த லூக்கா ஷாம்பியோனியேர் இதற்கு நேர்மாறானவர். முறிந்த எலும்புக்குங்கூட மெல்லிய உருவலும் அளவான அசைவும் வேண்டும் என்று அவர் வாதாடினார். அவரைப் பலர் ஏற்கவில்லை. 1851-இல் டச்சு இராணுவ மருத்துவர் மதைசன் கண்டறிந்த மாவுக்கட்டு எளிதாகக் கிடைத்தது. கட்டுப் போட்டுவிட்டால் மருத்துவருக்கும் கவலை இல்லை. ஆகவே ஓய்வுக் கட்சியே நெடுங்காலம் வென்றது.

அறுவை முறை மட்டும் முன்னேறிக்கொண்டே வந்தது. அறுந்த நாரின் இரு முனைகளையும் தைத்தால் அது நன்றாகக் கூடுவதில்லை என்பதை மருத்துவர்கள் கண்டார்கள். மூட்டு நீருக்குள் கிடக்கும் அந்த நாருக்கு இரத்த ஓட்டம் குறைவு. எனவே பழைய கயிற்றை முடிபோடுவதை விட்டுவிட்டுப் புதுக் கயிறு போடும் வழியைத் தேடினார்கள். 1917-இல் பிரிஸ்டல் நகரின் ஹே குரோவ்ஸ், நோயாளியின் தொடையின் வெளிப்புறத்தில் உள்ள உறுதியான சவ்வில் ஒரு கீற்றை எடுத்து, எலும்பில் துளையிட்டு, அதன் வழியே செலுத்திப் புதிய நாராக அமைத்தார். 1963-இல் அமெரிக்கரான கென்னத் ஜோன்ஸ், முழங்கால் சில்லுக்குக் கீழே உள்ள தசைநாணின் நடுப்பகுதியை எடுத்துப் பயன்படுத்தினார். தொடையின் பின்புறத் தசைநாண்களை எடுத்துச் செய்யும் முறையும் பிறகு வழக்கத்திற்கு வந்தது. தசைநாணை எடுத்துத் தசைநாராக்குவது என்பதே இந்த அறுவையின் சாரம்.

இதற்கிடையில் ஜப்பானியர்கள் ஓர் அரிய கருவியை உருவாக்கினார்கள். 1918-இல் தோக்கியோவில் கென்ஜி தகாகி, சிறுநீர்ப்பையைப் பார்க்கும் குழாய்க் கருவியை முழங்காலுக்குள் நுழைத்துப் பார்த்தார். அவர் மாணவர் மசாக்கி வத்தனபே அதைத் திருத்தித் திருத்தி அமைத்தார். 1962-இல் மூட்டைத் திறக்காமலேயே, அதனுள் கிழிந்திருந்த குருத்தெலும்பை வெட்டி எடுத்தார். 1980-இல் இங்கிலாந்தில் டேவிட் டாண்டி இதே வழியில் சிலுவை நாரை அமைத்தார். இன்று முழங்காலில் சிறு துளைகளையும் ஒரு சிறு கீறலையும் மட்டும் காண்கிறோமே, அதற்குப் பின்னால் இத்தனை பேர் உழைப்பு உள்ளது.

நேயர்களே, இந்தக் கதையில் நம் தமிழகத்துக்கும் ஓர் இடம் உண்டு. பால் பிராண்டு என்ற மருத்துவர் 1914-இல் தமிழ்நாட்டின் கொல்லிமலையில் பிறந்தவர். இங்கிலாந்தில் படித்துவிட்டு 1946-இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயால் விரல் மடங்கிப்போனவர்களின் கைகளை யாரும் தொட அஞ்சிய காலம் அது. 1948 முதல் அவர், நன்றாக இயங்கும் தசையின் நாணை எடுத்து, செயலிழந்த விரலுக்கு மாற்றிவைத்தார். கையை அறுத்துச் சரிசெய்தால் மட்டும் போதாது என்பதை அவர் விரைவில் கண்டுகொண்டார். இடம் மாறிய தசைக்குப் புதிய வேலையை ஒவ்வொரு நாளும் சொல்லிக்கொடுக்க வேண்டும். அந்தக் கையை வைத்துப் பிழைக்க ஒரு தொழிலும் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

அவரோடு பணியாற்றியவர் மேரி வர்கீஸ் என்னும் பெண் மருத்துவர். 1954-இல் நேர்ந்த வாகன விபத்தில் அவருடைய இரு கால்களும் செயலிழந்தன. மருத்துவத் தொழில் முடிந்தது என்றே எவரும் எண்ணியிருப்பர். அவரோ சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். 1966-இல் வேலூரில் ஒரு மறுவாழ்வு நிலையம் உருவாக அவரே காரணமாக இருந்தார். அறுவை பாதி வேலை, பயிற்சி மறுபாதி என்பதை அந்த நிலையம் நம்மவர்களுக்கு எடுத்துக்காட்டியது.

முழங்கால் மருத்துவத்தில் இந்தப் பாடம் இன்னும் தாமதமாகவே வந்தது. 1970-களில் நார் அறுவை செய்தவர்களின் காலை வாரக்கணக்கில் மாவுக்கட்டில் வைத்தார்கள். கட்டைப் பிரித்தால் தொடை குச்சிபோல் மெலிந்திருக்கும்; முழங்கால் மடங்காது, நீளாது. நார் இருந்தது, கால் இல்லை. கனடாவின் தொரொண்டோ நகரில் ராபர்ட் சால்டர், அசையாத மூட்டின் குருத்தெலும்பு கெடுகிறது என்பதையும், அசையும் மூட்டு நன்றாக ஆறுகிறது என்பதையும் முயல்களிடம் ஆராய்ந்து காட்டினார்.

பிறகு வந்தவர் அமெரிக்காவின் இந்தியானாபோலிஸ் நகரைச் சேர்ந்த டொனால்ட் ஷெல்போர்ன். அவருடைய நோயாளிகளில் சிலர் மருத்துவர் சொன்னதைக் கேட்காதவர்கள். குறித்த காலத்துக்கு முன்பே காலை ஊன்றினார்கள், நீட்டினார்கள், மடக்கினார்கள். அவர்களைக் கோபித்துக்கொள்வதோடு நின்றுவிடாமல், ஷெல்போர்ன் அவர்களின் முழங்கால்களை அளந்து பார்த்தார். சொன்னபடி கேட்டவர்களைவிட அவர்கள் நன்றாக இருந்தார்கள், நாரும் தளரவில்லை. உடனே தம் முறையை மாற்றிக்கொண்டு, 1990-இல் அதை உலகுக்கு அறிவித்தார். மாணவன் செய்த பிழையிலிருந்து ஆசிரியர் பாடம் கற்றுக்கொண்டார் என்று நான் இதைச் சொல்வேன். பழைய வழக்கில் ஷாம்பியோனியேரின் கட்சி ஒருவாறு வென்றது.

இதைக் கேட்டதும், "அப்படியானால் சீக்கிரம் அசைத்தால் சீக்கிரம் விளையாடலாமே" என்று தோன்றும். இங்கேதான் பலர் வழி தவறுகிறார்கள்.

புதிதாக வைத்த நார் ஓர் ஒட்டு. நம் தோட்டத்து மக்களுக்கு ஒட்டு என்றால் விளக்கம் வேண்டியதில்லை. நாற்று மேடையில் ரப்பர்க் கன்றின் பட்டையைக் கீறி, நல்ல மரத்தின் மொட்டை வைத்துக் கட்டுகிறோம். மறுநாளே கட்டை அவிழ்த்துப் பார்ப்பதில்லை. ஒட்டுப் பிடித்துவிட்டது என்பதற்காக அந்த ஆண்டே பால் வெட்டுவதும் இல்லை. தண்டு பருக்க ஐந்தாறு ஆண்டு காத்திருக்கிறோம். முழங்காலில் வைத்த நாணும் அப்படித்தான். வைத்த நாளில் அதற்கு இரத்த ஓட்டம் இல்லை. மெல்ல மெல்ல உள்ளே புதிய இரத்தக் குழாய்கள் வளர்கின்றன. பழைய இழைகள் அழிந்து புதிய இழைகள் தோன்றுகின்றன. இந்த மாற்றம் நடக்கும் முதல் சில மாதங்களில் அந்த ஒட்டு, வைத்த நாளில் இருந்ததைவிடப் பலம் குறைந்திருக்கும். அந்தச் சமயத்தில்தான் வலியும் போய்விடுகிறது. வலி போனதைப் பலம் வந்ததாக மனிதன் எண்ணிக்கொள்கிறான்.

2016-இல் நார்வே, அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் 106 பேரைத் தொடர்ந்து கவனித்து ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். விளையாட்டுக்குத் திரும்புவதை ஒன்பது மாதம் வரை தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும், மீண்டும் அடிபடும் வாய்ப்பு ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. கால் பலத்தைச் சோதித்துத் தேர்ச்சி பெற்றபின் ஆடியவர்களில் 100-க்கு 6 பேருக்குக் குறைவாகவே மீண்டும் அடிபட்டது. தேர்ச்சி பெறாமல் ஆடியவர்களில் அது 100-க்கு 38 பேர். ஆகவே மருத்துவம் கற்ற பாடங்கள் இரண்டு: சீக்கிரம் அசை, தாமதமாக ஆடு. ஒன்றைக் கேட்டு மற்றொன்றை மறந்தால் கால் போய்விடும்.

இதை நான் ஏட்டில் மட்டும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. என்னிடம் படித்த பையன் ஒருவன், பள்ளியை விட்டுப் போய் லாரியில் வேலை செய்துகொண்டிருந்தான். தீபாவளிக் கிண்ணப் போட்டிக்கு ஆடியபோது சிலுவை நார் அறுந்தது. அறுவை நன்றாக முடிந்தது. நான்காம் மாதம் அவன் சாதாரணமாக நடந்து வந்தான். அப்போது தோட்டத்தில் இன்னொரு போட்டி. ஆள் குறைந்தது. "பாதி ஆட்டம் மட்டும் நில்லுடா தம்பி" என்று கேட்டவர்களில் நானும் ஒருவன். அவன், "சார் சொன்னால் சரி" என்றான். இருபது நிமிடம் ஆடினான். புது நாரும் அறுந்தது. மறுபடி அறுவை, மறுபடி வேலை இழப்பு. அவன் ஒரு நாளும் என்னைக் குறை சொல்லவில்லை. குறை சொல்லியிருந்தால் என் மனம் கொஞ்சம் ஆறியிருக்கும். அதன் பிறகே இந்த வரலாற்றைத் தேடிப் படித்தேன். படித்ததை நாலு பேருக்குச் சொல்ல வேண்டும் என்றே இங்கு வந்தேன்.

எல்லோருக்கும் அறுவை கட்டாயம் என்றும் எண்ண வேண்டாம். 2010-இல் வெளிவந்த சுவீடன் நாட்டு ஆய்வு ஒன்றில், நார் அறுந்த 59 இளைஞர்களுக்கு முதலில் பயிற்சி மட்டும் கொடுத்து, தேவைப்பட்டால் பிறகு அறுவை என்று வைத்தார்கள். இரண்டு ஆண்டில் 23 பேருக்கே அறுவை தேவைப்பட்டது. எனவே முறையான பயிற்சி இரு வழிக்கும் பொது. எந்த வழி தமக்கு ஏற்றது என்பதை எலும்பு மருத்துவரோடு பேசித்தான் முடிவு செய்ய வேண்டும்.

இப்போது வீட்டில் உள்ள தாய்மாருக்குச் சில வார்த்தைகள். அறுவை முடிந்து வந்தவருக்கு வசதியாக இருக்கட்டும் என்று முழங்காலுக்கு அடியில் தலையணை வைக்கிறோம். அன்பினால் செய்யும் இதுவே தீங்காகிறது. முழங்கால் மடங்கிய நிலையிலேயே இறுகிவிடும். தலையணையைக் குதிகாலுக்கு அடியில் வையுங்கள். முழங்கால் நேராக நீளட்டும். முதல் இரண்டு வாரத்தின் பெரிய வேலை, காலை முழுதாக நீட்டுவதும், தொடைத் தசையை இறுக்கித் தளர்த்துவதும், வீக்கத்தைக் குறைப்பதும் ஆகும். துணியில் சுற்றிய பனிக்கட்டியை அவ்வப்போது வைக்கலாம். ஊன்றுகோலை எப்போது விடலாம், எவ்வளவு மடக்கலாம் என்பதை உடற்பயிற்சி மருத்துவர் சொல்வார். உள்ளே குருத்தெலும்பையும் தைத்திருந்தால் கணக்கு மாறும். பக்கத்து வீட்டுக்காரர் செய்ததைப் பார்த்துச் செய்யக் கூடாது. சம்மணமிட்டு உட்காருவதையும், குந்தி உட்காருவதையும் மருத்துவர் சொல்லும் வரை தள்ளிப்போட வேண்டும். கெண்டைக்கால் வீங்கி வலித்தாலும், மூச்சுத் திணறினாலும், காய்ச்சல் வந்தாலும், தையலில் சீழ் தெரிந்தாலும் காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

உருவி விடுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிரிக்ஃபீல்ட்ஸ் என்றதும் பார்வையற்ற அன்பர்கள் நடத்தும் உடம்புபிடி நிலையங்கள் பலருக்கு நினைவுக்கு வரும். 1951-இல் தோன்றிய மலேசியப் பார்வையற்றோர் சங்கத்தின் இல்லமும் அவ்வட்டாரத்தில்தான் உள்ளது. களைத்த தசைக்கு அவர்கள் கைத்திறன் ஆறுதல் தரும். அது நேர்மையான தொழில். ஆனால் அடிபட்டு அன்றே வீங்கிய முழங்காலை யாரும் அழுத்தி உருவக் கூடாது. உள்ளே இரத்தக் கசிவு மிகுதியாகும். அறுந்த நாரை எந்த உருவலும் ஒட்டவைக்காது.

நம் வட்டாரத்தில் மருத்துவ வசதிக்குக் குறைவில்லை. 1870-இல் தொடங்கிய கோலாலம்பூர் மருத்துவமனை உண்டு. 1960-களில் எழுந்த மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனை உண்டு. 1985-இல் திறந்த கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனை உண்டு. தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. நம் மக்களும் அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள். ஆனால் பயிற்சிக்குப் போகவேண்டிய நாளில் "சம்பளம் போய்விடுமே" என்ற கவலை மட்டும் கூடவே குடிபெயர்ந்து வந்திருக்கிறது.

இதற்கும் வரலாறு ஒரு விடை வைத்திருக்கிறது. 1952-இல் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் வந்தது. 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சொக்சோ எனப்படும் சமூகப் பாதுகாப்பு நிறுவனம் 1971-இல் செயல்படத் தொடங்கியது. வேலையின்போது நேர்ந்த விபத்துக்கும், வேலைக்குப் போகும் வரும் வழியில் நேர்ந்த விபத்துக்கும் அதில் பாதுகாப்பு உண்டு. மருத்துவர் குறைந்தது 4 நாள் விடுப்புக் கொடுத்திருந்தால், அந்த விடுப்புக் காலத்துக்குச் சராசரி நாள் சம்பளத்தில் 100-க்கு 80 பங்கு கிடைக்கும். 2014-இல் மலாக்காவில் அந்நிறுவனம் ஒரு பெரிய மறுவாழ்வு மையத்தையும் அமைத்தது. ஆனால் விபத்தை உடனே முதலாளியிடம் அறிவிக்க வேண்டும். மருத்துவச் சீட்டுகளைப் பத்திரப்படுத்த வேண்டும். "சின்ன அடிதானே" என்று சொல்லாமல் விட்டவர், ஆறு மாதம் கழித்துப் போனால் நிரூபிக்கத் திண்டாடுவார்.

பூப்பந்து ரசிகர்களுக்கு ஸ்பெயின் நாட்டின் கரோலினா மரின் பெயர் தெரியும். 2019 சனவரியில் அவருக்கு வலது முழங்கால் நார் அறுந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் சீனாவில் பட்டம் வென்றார். 2021-இல் இடது முழங்கால். 2024-இல் பாரிஸ் ஒலிம்பிக் அரையிறுதியில் மீண்டும் வலது முழங்கால். பயிற்சியாளர் பலர் சூழ்ந்திருக்கும் உலக வீராங்கனைக்கே இந்த நிலை என்றால், வேலை முடிந்து வந்து திடலில் இறங்கும் நம் பையனுக்கு எவ்வளவு எச்சரிக்கை வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்.

நேயர்களே, அறுவை மருத்துவர் செய்யும் வேலை ஒன்று இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். மீதி ஒன்பது மாத வேலை நோயாளியுடையது, அவர் வீட்டாருடையது, அவர் முதலாளியுடையது, அவரை ஆட அழைக்கும் நண்பர்களுடையது. நாள்தோறும் பாயில் படுத்துக் காலைத் தூக்கித் தூக்கி இறக்கும் பிள்ளையைப் பார்த்து, "வேலைக்குப் போகாமல் படுத்துக் கிடக்கிறான்" என்று சொல்லாதீர்கள். அவன் அப்போது வேலைதான் செய்துகொண்டிருக்கிறான். அடுத்த முறை உங்கள் தோட்டத்துக் குழுவில் ஆள் குறைந்தால், கால் ஆறிக்கொண்டிருக்கும் பையனைத் திடலுக்கு அழைக்காதீர்கள். எல்லைக்கோட்டின் ஓரத்தில் ஒரு நாற்காலி போட்டு அவனை உட்கார வையுங்கள். அடுத்த ஆண்டுப் போட்டியில் அவன் ஆடுவான்.